ஈறில் ரத்தம், ரத்தத்தில் வைட்டமின் டி

காலையில் பல் துலக்கிவிட்டுத் துப்பும்போது நுரையில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிகிறது. கொப்பளித்தால் போய்விடுகிறது, வலியும் இல்லை. அதனால் அதை அப்படியே மறந்துவிடுகிறோம். மறுநாளும் அதே கோடு. சிலர் பிரஷ் கடினமாக இருக்கிறது என்று வேறு வாங்குவார்கள். சிலர் ரத்தம் வரும் இடத்தை மட்டும் தொடாமல் துலக்குவார்கள். அழுக்கு அங்கேயே தங்கி நிலைமை இன்னும் மோசமாகும். வேறு சிலர் "ஏதோ சத்துக் குறைவு" என்று முடிவுகட்டி வைட்டமின் மாத்திரையைத் தேடுவார்கள்.

அந்த எண்ணத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குப் பழமும் காயும் கிடைக்காமல் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் உதிர்ந்தது. ஸ்கர்வி என்று பெயர். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தால் அது தீருகிறது என்பதை 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் காட்டினார். அதற்குக் காரணம் வைட்டமின் சி என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்று ஸ்கர்வி அரிது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் ஈறு நோய் பற்றிய ஆய்வுகளில் இன்னொரு வைட்டமின் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: வைட்டமின் டி. எலும்புக்கும் வெயிலுக்கும் உரியது என்று நாம் நினைத்திருக்கும் அதற்கு ஈறில் என்ன வேலை?

முதலில் ஈறைப் பார்த்துவிடுவோம்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் இருக்கிறது. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் ஒட்டும் வழவழப்பான படலத்தை நாக்கால் தடவியே உணரலாம். அது முழுக்கக் கிருமிகளின் குடியிருப்பு. துலக்காமல் விட்டால் படலம் தடிக்கும், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து கல்லாகும். அதைத்தான் காரை என்கிறோம். பள்ளத்துக்குள் படலமோ காரையோ தங்கினால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். இது முதல் கட்டம், ஈறு அழற்சி. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் முழுதாகத் திரும்பிவிடலாம்.

அடுத்த கட்டம் அப்படியல்ல. அழற்சி கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தாடை எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. பள்ளம் ஆழமாகிப் பையாகிவிடுகிறது. பலர் இன்றும் பயோரியா என்று சொல்வது இதைத்தான். அந்த எலும்பு போனால் பெரும்பாலும் போனதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தீவிரமான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல்.

பல் மருத்துவர் இதை அளக்கும் விதத்தை ஒருமுறை கவனித்தவர்கள் மறக்க மாட்டார்கள். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய மழுங்கிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக விடுவார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். "மூன்று, இரண்டு, மூன்று" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். கடைவாய்ப் பல் வந்ததும் "ஐந்து, ஆறு, ஐந்து" என்பார். கம்பியை எடுத்த சில நொடிகளில் அந்த இடத்தில் ஒரு ரத்தப் பொட்டு எழும்பும். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு வலி அதிகம் இருக்காது, ஆனால் அந்த எண்கள் காதில் விழும். எண் கூடக் கூட, பல்லின் பிடிமானம் அவ்வளவு போயிருக்கிறது என்று பொருள்.

சரி, கிருமிதான் காரணம் என்றால் வைட்டமின் எங்கே வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, வைட்டமின் டி-க்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பழைய ஆய்வுகளுக்குப் போக வேண்டும்.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்குமே ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் சரியானது. படலம் சேர்ந்தால் அழற்சி, படலம் போனால் அழற்சியும் போகும். இதில் யாருக்கும் விலக்கு இருக்கவில்லை.

அதே லோ, 1970-ல் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் படலம், காரை, அழற்சி எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. முடிவு மட்டும் ஒரே மாதிரி இல்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது. 35 வயதிலேயே அவர்கள் பற்களின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது. 81 சதவீதம் பேருக்கு மிதமான இழப்பு, அதே வயதில் சுமார் 4 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை.

ஈறு நோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. அழுக்கு நோயைத் தொடங்கி வைக்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை உடம்பு தீர்மானிக்கிறது. புகை, கட்டுப்படாத சர்க்கரை நோய், பரம்பரை, வயது எல்லாம் உடம்பின் பக்கத்தில் நின்று வேலை செய்பவை. வைட்டமின் டி-யைப் பற்றிய பேச்சும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான்.

வைட்டமின் என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, அதன் நடத்தை ஹார்மோன் மாதிரி. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. கல்லீரல் அதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றி ரத்தத்தில் உலவ விடுகிறது. ரத்தப் பரிசோதனையில் '25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' என்று வருவது இந்த இருப்புதான். சிறுநீரகம் அதில் தேவையானதை மட்டும் எடுத்து வீரியமுள்ள வடிவமாக்குகிறது. குடல் கால்சியத்தை இழுத்துக்கொள்வதற்கு அந்த வீரிய வடிவம் வேண்டும். போதிய வைட்டமின் டி இருந்தால் உணவில் உள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் உள்ளே போகும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான்.

இது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. பாடத்தில் பெரும்பாலும் வராதது அடுத்த பகுதி. சிறுநீரகம் செய்யும் அந்தக் கடைசி மாற்றத்தை நம் நோய் எதிர்ப்பு அணுக்களும் தாங்களே செய்துகொள்கின்றன. கிருமி வந்ததை உணர்ந்த வெள்ளை அணு, ரத்தத்தில் உலவும் இருப்பிலிருந்து எடுத்து, தன் உபயோகத்துக்கு வீரிய வைட்டமின் டி தயாரிக்கிறது. அது அணுவின் உட்கருவுக்குள் போய் ஒரு மரபணுவை முடுக்கிவிட, எல்.எல்-37 என்ற சிறிய புரதம் உருவாகிறது. கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்லும் புரதம் அது. இந்த வழித்தடத்தை 2006-ல் காசநோய்க் கிருமியை வைத்து விளக்கினார்கள். ஈறின் மேல்தோல் அணுக்களும் வைட்டமின் டி கிடைத்தால் எல்.எல்-37-ஐக் கூடுதலாகச் செய்கின்றன என்பது பின்னர் ஆய்வகத்தில் தெரியவந்தது. ரத்தத்தில் இருப்பே குறைவாக இருந்தால் அந்த அணு எதை எடுத்துத் தயாரிக்கும்?

எல்.எல்-37 ஈறுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அரிய நோய் காட்டிக் கொடுத்தது. கோஸ்ட்மன் நோய் என்று பெயர். ஸ்வீடனில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒருவகை வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு. மருந்து கொடுத்து அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் உயிராபத்தான தொற்றுகள் குறைந்தன. ஆனால் சிறு வயதிலேயே வரும் கடுமையான ஈறு நோய் மட்டும் விடவில்லை. ஏன்? 2002-ல் வெளியான ஆய்வு பார்த்தது: எண்ணிக்கை கூடினாலும் அந்த அணுக்களில் எல்.எல்-37 இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒரே ஒருவரிடம் அது ஏறக்குறைய இயல்பான அளவில் இருந்தது. அவருக்கு ஈறு நோயும் இல்லை. ஒரே ஒருவரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒருவரைப் பற்றிப் படிக்கும்போது மனசுக்குள் ஏதோ பளிச்சென்று எரிகிறது.

வைட்டமின் டி-யின் இன்னொரு வேலை இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். அது சண்டையைத் தணிக்கவும் செய்கிறது. ஈறு நோயில் எலும்பை அரிப்பது பெரும்பாலும் கிருமி நேரடியாக இல்லை, நம் உடம்பு அதன்மீது தொடுக்கும் போர்தான். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டுச் சுவரையே இடித்துப்போட்ட கதை. அழற்சியைத் தூண்டும் செய்திப் பொருட்கள் பெருகினால், எலும்பைக் கரைக்கும் அணுக்கள் விழித்துக்கொண்டு தாடையைக் கரைக்கத் தொடங்கும். வைட்டமின் டி கிருமியைக் கொல்லும் கையை வலுப்படுத்திக்கொண்டே, இந்த அழற்சிச் செய்திகளின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆய்வகத் தட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. வாய்க்குள்ளும் அப்படியே நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

மனிதர்களிடம் பார்த்தபோது

அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவிலிருந்து, ஒருபோதும் புகைக்காத சுமார் 6,700 பேரை எடுத்து 2005-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட, கம்பியால் தொடும்போது ரத்தம் கசியும் இடங்கள் 20 சதவீதம் குறைவாக இருந்தன. புகைக்காதவர்களை மட்டும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும். நோய் உள்ளே இருக்க, ஈறு வெளியே வெளிறி நல்லபிள்ளையாகத் தெரியும்.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு இரண்டு முகம் காட்டியது. ஒரே நேரத்தில் ரத்தத்தையும் ஈறையும் பார்த்தபோது, வைட்டமின் டி போதுமான அளவில் இருந்தவர்களிடம் ஈறு நோய்க்கான வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. அதே பெண்களில் பலரை ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தார்கள். தொடக்கத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு நோய் அதிகமாக முற்றியிருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

இங்கேதான் நிதானம் வேண்டும். இரண்டு விஷயங்கள் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. வெளியே நடமாடி வெயில் படும் மனிதர் பொதுவாகவே சுறுசுறுப்பானவராக இருக்கலாம், எடை கட்டுக்குள் இருக்கலாம், புகைப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். இவை எல்லாமே ஈறுக்கும் நல்லது, வைட்டமின் டி அளவுக்கும் நல்லது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. உடம்பில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இறங்கும். அப்படியானால் குறைபாட்டால் ஈறு நோய் வந்ததா, ஈறு நோயால் அளவு குறைந்ததா? ஒரு நாள் எடுத்த ரத்தம் இதற்குப் பதில் சொல்லாது.

ஆகவே கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதைத் தாண்டிய 145 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று ஆண்டுகள் கால்சியமும் வைட்டமின் டி-யும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். சத்து பெற்றவர்களில் 13 சதவீதம் பேர் குறைந்தது ஒரு பல்லை இழந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 27 சதவீதம் பேர். பாதிக்குப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எலும்பு தேய்மானத்துக்காக வடிவமைத்த ஆய்வு, ஆட்கள் குறைவு, கால்சியமும் கூடவே இருந்ததால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ஈறு நோய்க்கென்றே பின்னால் செய்த சோதனைகளில், பல் சுத்தம் செய்த பிறகு வைட்டமின் டி கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. அந்தக் கொஞ்சம், பையின் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான்.

என் மனதில் அதிகம் தங்கியது மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2011-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு. ஈறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 40 பேர். சிகிச்சைக்கு முன்பே வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஈறு திரும்ப ஒட்டியது குறைவு. இத்தனைக்கும் சிகிச்சையின்போது அவர்களுக்கும் ஆறு வாரம் வைட்டமின் டி மாத்திரை கொடுத்திருந்தார்கள். கத்தி வைக்கும் நேரத்தில் மாத்திரையைத் தொடங்குவது தாமதம் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ரத்தத்தில் உலவும் அந்த வடிவத்தின் அளவு பாதியாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதே மாதிரி, தேறி வரவும் மாதங்கள் பிடிக்கும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது

ஈறில் ரத்தம் வந்தால் முதலில் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பல்லில் ஒட்டிக் கல்லாகிவிட்ட காரையை எந்த மாத்திரையும் கரைக்காது. அதைக் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆழமான பை இருந்தால் வேர் வரை இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று சொல்லிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். எலும்பு ஏற்கெனவே போய், காரை மட்டும் தாங்கிக்கொண்டிருந்த பல், காரையை எடுத்ததும் தன் உண்மையான நிலையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் எலும்பிலிருந்துதான் கழிகிறது.

வைட்டமின் டி பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. வெயிலே படாத வேலை, உடல் முழுக்க மூடிய உடை, முதுமை, உடற்பருமன், குடல் அல்லது சிறுநீரகக் கோளாறு, எலும்பு வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பது பொருத்தம். அதிலும் ஈறு அறுவை சிகிச்சையோ பல் பொருத்தும் சிகிச்சையோ திட்டமிட்டிருந்தால், சில மாதம் முன்பே கேளுங்கள். முடிவு ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். பொதுவாக 20-க்கு மேல் பெரும்பாலானவர்களின் எலும்புக்குப் போதும். 12-க்குக் கீழே போனால் தெளிவான குறைபாடு. ஈறுக்கென்று தனியாக ஒரு இலக்கு எண் இல்லை. அப்படி ஒரு எண்ணைச் சொல்லி யாராவது மாத்திரை விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

வெயில் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு உதவும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் புற ஊதா பி நன்றாகக் கிடைக்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடு வரும், வைட்டமின் வராது; அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும், ஏனென்றால் நிறமியும் அதே கதிரைத்தான் உறிஞ்சுகிறது. தோல் சிவக்கும் அளவுக்கு நிற்பதில் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. உணவில் கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, வைட்டமின் டி சேர்த்த பால், புற ஊதா ஒளி பட்ட காளான் ஆகியவற்றில் கிடைக்கும், ஆனால் உணவால் மட்டும் தேவையை எட்டுவது பலருக்குக் கடினம்.

ஒரு வயதுக்கு மேல் 70 வயது வரை ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 600 யூனிட், அதற்கு மேல் 800. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த பெரிய அளவு மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கிவிடுவது உண்மையிலேயே நடக்கிற ஒன்று. இது கொழுப்பில் கரையும் வைட்டமின், மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும். சீட்டில் 'வாரம்' என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்களுக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம், சுத்தம் செய்த கையோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே கம்பி மறுபடி ஈறைச் சுற்றி வர வேண்டும். முதல் முறை எழுதிய எண்களை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நான்காகி, நான்கு மூன்றாகி, கம்பியை எடுத்த இடத்தில் ரத்தப் பொட்டு எழும்பாமல் இருந்தால் சிகிச்சை பிடித்திருக்கிறது. நன்றாகத் துலக்கியும், பற்களுக்கு இடையே சுத்தம் செய்தும் எண்கள் அசையாமல் நின்றால், உடம்பின் பக்கம் திரும்பிப் பார்க்கிற நேரம் அது. புகை, சர்க்கரை, சாப்பிடும் மருந்துகள், கூடவே வைட்டமின் டி, இவற்றைப் பற்றி அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழும் முன் கேட்டுவிடுங்கள்.